மீனை மட்டும் விட்டுவிட்டால் பூனைப் பலகாரம் ஆகிவிடுமா?

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். முத்துவுக்கு நான்கு வயது, கருத்தடை செய்யப்பட்டவன், ஐந்தரைக் கிலோ இருக்கிறான். பூரணிக்குப் பன்னிரண்டு வயது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதால் மருத்துவர் எழுதிக் கொடுத்த தனி உணவை மட்டும் சாப்பிடுகிறாள். தீபாவளிக்கு நமக்குப் பலகாரம் செய்யும்போது இவர்களுக்கும் வீட்டிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள். அவள் பார்த்த காணொளியில் கோதுமை மாவு, பால் பவுடர், துருவிய சீஸ், டின்னில் வரும் சூரை மீன், ஒரு சிட்டிகை பூண்டுத் தூள் ஆகியவற்றைப் பிசைந்து பிஸ்கட் செய்கிறார்கள். எங்கள் சமையலறையில் முட்டை உண்டு. மீனும் இறைச்சியும் சமைப்பதில்லை. மீனை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வைத்துச் செய்யலாமா? முத்து பால்கோவா என்றால் ஓடி வருகிறான், கொஞ்சம் கொடுத்தால் தவறா? பூனை வளர்க்கும் இரண்டு தோழிகளுக்கும் சிறு டப்பாவில் போட்டுக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். (ஒரு வாசகி, திருச்சி)

அன்புள்ள வாசகிக்கு,

செய்ய வேண்டாம். அந்தக் காணொளியில் சொல்லப்பட்ட ஐந்து பொருள்களில் பூனையின் உடலுக்கு உண்மையில் பயன்படக்கூடியது அந்த மீன் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுபவற்றில் ஒன்று நஞ்சு, இரண்டு வயிற்றைக் கலக்கக்கூடியவை, இன்னொன்று வெறும் நிரப்புப் பொருள். முட்டை மட்டும் உள்ள சமையலறையிலேயே இரண்டு பூனைகளுக்கும் ஏற்ற பண்டங்களைச் செய்துவிட முடியும். அதைச் சொல்வதற்கு முன், அந்தக் குறிப்பு ஏன் ஆகாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதே பொருள்கள் வேறு வேறு பெயரில் பண்டிகை நாளில் வீடு முழுக்கப் பரவிக் கிடக்கும்.

முதலில் பூண்டு. ஒரு சிட்டிகைதானே என்று தோன்றும். வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் ஆகிய அனைத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. இந்தத் தாக்குதலுக்கு எளிதில் ஆட்படும் கந்தக முனைகள் மனிதனின் ஹீமோகுளோபின் மூலக்கூறில் இரண்டும், நாயினுடையதில் நான்கும், பூனையினுடையதில் எட்டும் உள்ளன. அதனால்தான் நாம் கிண்ணம் கிண்ணமாக உண்ணும் பொருள் பூனைக்கு ஆபத்தாகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே பூனையின் இரத்தத்தைப் பாதிக்கப் போதும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. நான்கு கிலோப் பூனைக்கு அது மூன்று நான்கு சின்ன வெங்காயம். பூண்டு அதைவிட வீரியமானது. நீர் வற்றிய தூள் இன்னும் செறிவானது. வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. அறிகுறி உடனே தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். இரண்டு முதல் நான்கு நாள் கழித்துப் பூனை சோர்ந்து படுக்கும், ஈறு வெளிறும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். அதற்குள் பண்டிகையும் முடிந்து, என்ன தின்றது என்பதும் வீட்டாருக்கு மறந்துபோயிருக்கும்.

பால் பவுடரும் சீஸும் அடுத்தவை. வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டிப் பருவத்தோடு குறைந்துவிடுகிறது. பூனைக்குப் பால் ஊற்றுவது நம் ஊர் வழக்கம் என்றாலும், பல வீடுகளில் பூனையின் ஓயாத வயிற்றுப்போக்குக்குக் காரணம் அந்தக் கிண்ணம்தான். பால் பவுடரில் அந்தச் சர்க்கரை செறிந்திருக்கிறது. சீஸில் அது குறைவு என்றாலும் உப்பும் பாஸ்பரஸும் மிகுதி; பூரணிக்கு அவை இரண்டுமே ஆகாதவை. கோதுமை மாவு நஞ்சு அன்று. ஆனால் மாவுச்சத்தைக் கையாளும் திறன் பூனையின் கல்லீரலுக்கு நம்முடையதைப் போல் இல்லை. பிஸ்கட்டுக்கு வடிவம் தருவதைத் தவிர அந்த மாவால் பூனைக்கு வேறு எந்த நன்மையும் இல்லை.

முத்துவின் பால்கோவா ஆசைக்கு வருவோம். அவன் இனிப்புக்காக வரவில்லை. இனிப்பை உணரும் சுவை ஏற்பியின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு பூனை இனம் முழுவதிலும் செயலற்றுப் போயிருப்பதை 2005இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பூனைக்குச் சர்க்கரையின் சுவையே தெரியாது. அவனை இழுப்பது சுண்டிய பாலின் கொழுப்பும் புரதமும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவாகவே இருந்தாலும் அதில் உள்ள சர்க்கரை அவனுக்குச் சுவை தராமல் எடையை மட்டும் கூட்டும். கருத்தடை செய்யப்பட்டு, வீட்டுக்குள்ளேயே இருக்கும், எடை கூடிய ஆண் பூனைகளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பூனைகளைவிட அதிகம். ஐந்தரைக் கிலோ முத்துவுக்கு இயல்பான எடையா மிகையா என்பதை அவன் உடற்கட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விலா எலும்புகள் விரலுக்கு எளிதில் தட்டுப்படவில்லை என்றால் மிகை என்று கொள்ளுங்கள். பால்கோவா வேண்டாம்.

மற்றத் தீபாவளிப் பலகாரங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், தட்டு மேசையில் இருக்கும்போது பூனை கேட்டுக்கொண்டு தின்னாது என்பதால் சொல்லிவிடுகிறேன். லட்டில் பச்சைக் கற்பூரம் சேர்க்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அந்தத் தட்டை மூடியே வையுங்கள். கற்பூரம் பூனைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடிய நஞ்சு. உலர் திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது உறுதியாகியிருக்கிறது. ஏற்கெனவே சிறுநீரக நோயாளியான பூரணி இருக்கும் வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஜாதிக்காயும் சாக்லேட்டும் அந்தப் பட்டியலில்தான் வரும். பூண்டு முறுக்கு, மிக்சர் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. பூனைக்கு வயிறு சரியில்லை என்று தீபாவளி லேகியத்தை நாக்கில் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். மிளகும் திப்பிலியும் இஞ்சியும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த அந்த மருந்து நமக்கானது.

இனி அளவு. என்ன கொடுப்பது என்பதைவிட எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் அன்புள்ள வீடுகள் தவறுகின்றன என்பது என் எண்ணம். கருத்தடை செய்யப்பட்ட வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பண்டமாகப் போகக்கூடாது; அதாவது 20 கலோரி அளவு. ஒரு தேக்கரண்டி நெய்யே ஏறத்தாழ 40 கலோரி. இந்தப் பத்தில் ஒரு பங்கு விதிக்குக் கலோரியைத் தாண்டிய காரணம் ஒன்றும் உண்டு. பூனை இறைச்சியை உண்டே வாழும்படி அமைந்த விலங்கு. டாரின் என்ற சத்தைத் தன் தேவைக்குப் போதுமான அளவு தானே தயாரித்துக்கொள்ள அதனால் இயலாது. டாரின் குறைந்த உணவை உண்ட பூனைகளின் இதயத் தசை தளர்ந்து விரிவதையும், டாரின் கொடுத்ததும் அவை தேறுவதையும் 1987இல் வெளிவந்த ஆய்வு காட்டிய பிறகே கடைகளில் விற்கும் பூனை உணவில் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். வீட்டுப் பண்டத்தில் அந்தச் சமன்பாடு இருக்காது. முழுமையான உணவு தட்டில் இருக்கும்வரை பண்டம் பண்டமாக இருந்துவிட்டுப் போகலாம். தட்டை அது இடம்பிடிக்கத் தொடங்கினால், பூனை வயிறு நிறையத் தின்றும் சத்துக் குறைந்து போகும்.

முத்துவுக்கு முட்டையைக் கொண்டே செய்யலாம். இரண்டு முட்டையை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் விட்டு நன்றாக அடித்து, மினி இட்லித் தட்டின் குழிகளில் ஒரு சொட்டு எண்ணெயை மட்டும் துடைத்துவிட்டு, ஏழு குழிகளில் சமமாக ஊற்றுங்கள். உப்பு, மிளகு, பெருங்காயம், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். வேண்டுமானால் ஆவியில் வெந்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு கரண்டி சேர்க்கலாம். மலச்சிக்கல் உள்ள பூனைக்கு அதன் நார்ச்சத்து உதவும். எட்டுப் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் நடுப்பகுதி வரை கெட்டியாகிவிடும். பச்சை முட்டை ஆகாது: கிருமி ஒரு காரணம், வேகாத வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினை உடலுக்குக் கிடைக்கவிடாமல் பிடித்துவைத்துக்கொள்வது மற்றொன்று. ஏழில் ஒன்று ஏறத்தாழ 20 கலோரி. ஆக முத்துவுக்கு ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் பட்டாணி அளவுக்கு நறுக்கி இரண்டு மூன்று வேளையாக. உங்கள் மகளுக்கு வடிவம்தான் ஆசை என்றால், வெந்ததைச் சிறு அச்சில் வெட்டி நட்சத்திரமாக்கிக் கொள்ளட்டும். பூனைக்கு அதில் அக்கறை இல்லை. வீட்டில் ஒருவருக்காவது இருக்கட்டுமே.

பிஸ்கட் போல மொறுமொறுப்பாக வேண்டும் என்றால் முத்து தினமும் தின்னும் உலர் உணவையே மாவாக்குங்கள். 50 கிராம் உலர் உணவை மிக்சியில் பொடித்து, ஒரு முட்டையும் தேவைப்பட்டால் சிறிது தண்ணீரும் விட்டுப் பிசைந்து, நிலக்கடலை அளவில் அறுபது உருண்டைகளாக்கித் தட்டி, 160 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் ஓவனில் வைத்து எடுக்கலாம். ஓவன் இல்லையென்றால் முதலில் ஆவியில் வேகவைத்து, பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் மெல்லிய தீயில் ஈரம் போகும்வரை புரட்டினால் போதும். இஞ்சி பூண்டு விழுது அரைத்த ஜாரில் பொடிக்காதீர்கள்; வேறு ஜார் இல்லையென்றால் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவிய பிறகு பயன்படுத்துங்கள். ஒரு துண்டு நான்கு கலோரியளவு வரும். ஐந்து துண்டு கொடுக்கும் நாளில் முட்டைப் பண்டம் வேண்டாம், தட்டு உணவிலும் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பூரணிக்கு முத்துவின் பண்டத்தில் ஒரு துண்டுகூடக் கொடுக்கக்கூடாது. சிறுநீரக நோய்க்கான உணவின் உயிர்நாடியே அதில் பாஸ்பரஸ் குறைக்கப்பட்டிருப்பதுதான். முட்டையின் மஞ்சள் கருவிலும் பால் பொருள்களிலும் கருவாட்டிலும் அது ஏராளம். அதற்காக அவளைப் பட்டினி போட்டுவிட்டு முத்துவுக்கு மட்டும் கொடுக்கவும் வேண்டியதில்லை. மேலே சொன்ன பிஸ்கட்டையே அவளுடைய மருத்துவ உலர் உணவைப் பொடித்து, முழு முட்டைக்குப் பதில் வெள்ளைக்கருவை மட்டும் விட்டுச் செய்யுங்கள். வெள்ளைக்கருவில் நல்ல புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. அவள் உண்பது டின் உணவாக இருந்தால் அதைச் சிறு சிறு பொட்டுகளாகத் தட்டில் வைத்து ஓவனில் உலர்த்தினாலே பண்டமாகிவிடும். அவளுக்கு வாந்தியோ பசியின்மையோ அண்மையில் கூடியிருந்தால் அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அவளுடைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் அவரிடம்தான் இருக்கின்றன. இருவருடைய டப்பாவையும் தனித்தனியே பெயர் எழுதி வையுங்கள், கொடுப்பதும் தனித்தனி அறையில் இருக்கட்டும்.

அசைவம் சமைக்கும் வாசகர்களுக்காகச் சுருக்கமாக: 200 கிராம் எலும்பில்லாத கோழி நெஞ்சுக் கறியைக் கொத்தி, ஒரு முட்டை சேர்த்து, பதினான்கு மினி இட்லிகளாக ஆவியில் வேகவைத்தால் ஒன்று 20 கலோரி சொச்சம் வரும். ஆவியில் ஊறும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் நீரில் கரைவது, அதோடு சேர்ந்து போய்விடும். குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிக் கொடுப்பது பயனற்ற வேலை, வெங்காயச் சாறு உள்ளே ஊறியிருக்கும். வெந்த எலும்பு கூர்மையாகப் பிளக்கும். நெத்திலி என்றால் தலையும் குடலும் நீக்கி வேகவைத்தே கொடுக்க வேண்டும். சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயமின் என்ற வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு, வெந்தால் அது செயலிழக்கும். கடைக் கருவாடு உப்புக் கட்டி. ஈரலைப் பூனைகள் மிகவும் விரும்பும் என்பதாலேயே எச்சரிக்கிறேன்: நாள்தோறும் ஈரல் தின்னும் பூனைக்கு வைட்டமின் ஏ மிகுந்து, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போவது உண்டு. வாரத்துக்கு ஒரு சுண்டுவிரல் நுனி அளவு போதும்.

குப்பைமேனி வேரைப் பண்டத்தில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பூனைகள் அந்த வேரைக் கண்டு மயங்கிப் புரள்வது உண்மைதான். ஆனால் அந்தச் செடியை உட்கொண்ட மனிதர்களில், குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணு சிதைந்தது பதிவாகியிருக்கிறது. சிவப்பணு விஷயத்தில் பூனை எவ்வளவு பலவீனமானது என்பதை மேலே சொன்னேன். எனவே அது முகர்ந்து புரள்வதோடு நிற்கட்டும், உணவில் வேண்டாம்.

எந்தப் புதிய பண்டத்தையும் தீபாவளியன்றே முதன்முதலாகக் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே பட்டாணி அளவு கொடுத்து, ஒரு நாள் பொறுத்து, வாந்தியோ கழிச்சலோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரத்தில் இன்னொரு வேலையும் நடக்கும். தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகக் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும்தான் வெடிக்க அனுமதி என்றாலும், நடைமுறையில் ஓசை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டின் உள்ளறை ஒன்றில், கட்டிலடியிலோ அலமாரிக்குள்ளோ, தினமும் ஒரே நேரத்தில் பண்டத்தை வைத்துப் பழக்கினால், வெடிச் சத்தம் வரும் நாளில் பூனை தானாகவே அங்கே போய் ஒளிந்துகொள்ளும். பண்டத்தைச் சற்றே வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணம் கூடும். அப்போதும் தின்ன மறுத்தால் வாயில் திணிக்காதீர்கள். ஆனால் ஒரு நாள் முழுவதும் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரை அழைத்துவிடுங்கள். எடை கூடிய பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடல் கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். பூரணிக்கு அவ்வளவுகூடக் காத்திருக்க வேண்டாம்.

பூண்டோ கற்பூரமோ சேர்ந்த எதையாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால், உப்புத் தண்ணீர் ஊட்டி வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். காய்ச்சல் போலத் தெரிகிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்பதைக் குறித்துக்கொண்டு உடனே கொண்டு செல்லுங்கள். தீபாவளியன்று பல தனியார் மருத்துவமனைகள் மூடியிருக்கும். உங்கள் ஊரில் யார் இருப்பார்கள் என்பதை முந்தின வாரமே தொலைபேசியில் கேட்டுவையுங்கள். தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பண்டிகை நாளில் அவசரச் சிகிச்சை உண்டா என்று அங்கேயும் விசாரித்து வைக்கலாம்.

தோழிகளுக்கான டப்பாவுக்கு உலர்ந்த பிஸ்கட்டே ஏற்றது. முட்டைப் பண்டம் குளிர்பெட்டியில் மூன்று நாள்தான் தாங்கும், வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, வழியில் கெட்டுவிடலாம். பிஸ்கட்டையும் நன்றாக ஆறவிட்டு அடைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்க்கச் சொல்லுங்கள். டப்பாவின் மேல் என்னென்ன சேர்த்தீர்கள், என்று செய்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை துண்டு என்பதை எழுதி ஒட்டுங்கள். ஜரிகை நாடா, நூல், ரப்பர் வளையம் எதையும் சுற்றாதீர்கள். பூனை விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்து, அறுவை சிகிச்சை வரை கொண்டுவிடும். எல்லாவற்றுக்கும் முன், அந்தப் பூனைகளுக்கு ஏதேனும் நோயோ ஒவ்வாமையோ உண்டா, என்ன உணவு தின்கின்றன என்று தோழிகளிடம் கேளுங்கள். மருத்துவ உணவில் இருக்கும் பூனை என்றால், அவர்களிடமே அந்த உணவில் ஒரு கைப்பிடி வாங்கி வந்து, பூரணிக்குச் செய்ததைப் போலவே செய்து கொடுத்துவிடுங்கள்.